ஐந்து கட்டையில் ஒரு தெள்ளுப்பூச்சி

உத்திரமேரூர் பக்கம் காவாந்தண்டலத்தில் ஒரு வீட்டுத் திண்ணை என்று வைத்துக்கொள்வோம். முறத்தில் உளுந்து புடைக்கும் ஆயா. பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. பேத்தியின் பிறந்தநாளுக்கு மாமா ஆன்லைனில் வாங்கி அனுப்பிய உகுலேலே ஒன்று, சுவரில் ஆணியில் தொங்குகிறது.

வந்த புதிதில் அது ஆணிக்கே போகவில்லை. போனில் ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு முதல் வாரமே சி, ஏ மைனர், எஃப் என்று மூன்று கார்டுகளைப் பிடித்துவிட்டாள். இரண்டாவது வாரம் ஜி. மூன்றாவது வாரம் வீடியோ அக்கா சிரித்த முகத்தோடு “அடுத்தது ஈ” என்றார். அதோடு சரி.

“ஏன்டி கண்ணு, அந்தப் பொட்டியத் தொடவே காணோம்?”

“ஈ வரல ஆயா.”

“ஈயா? அவனவன் வர்ற ஈய விரட்ட முடியாம கெடக்குறான். நீ வரலன்னு அழுவுறியா?”

சிரிப்பு வந்தாலும் அவளுக்கு உள்ளே ஒரு பயம் இருக்கிறது. அடுத்த மாதம் சித்தியின் குழந்தைக்குக் காது குத்து. ஆயா தாலாட்டுப் பாடும்போது தானும் கூட வாசிப்பதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அந்தத் தாலாட்டு ஆயாவோடு இருக்கும் பாட்டு. எழுதி வைத்தவர் யாரும் இல்லை. அம்மாவுக்குப் பாதிதான் தெரியும்.

திண்ணையும் ஆயாவும் கற்பனை. ஈ வராமல் வாத்தியம் ஆணிக்குப் போவது மட்டும் கற்பனை இல்லை. உகுலேலே வாங்கியவர்களில் யாரைக் கேட்டாலும் இந்த ஈயைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள்.

விரல் மூன்று, இடம் ஒன்று

உகுலேலேயை மார்போடு அணைத்துப் பிடித்தால், மேலே முகத்துக்கு அருகில் இருக்கும் தந்தி ஜி. அடுத்து சி, ஈ, கடைசியாகக் கீழே ஏ. கார்டை நான்கு எண்களில் எழுதிவிடலாம். 0-0-0-3 என்றால் முதல் மூன்று தந்திகளையும் தொட வேண்டாம், கடைசித் தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்து என்று அர்த்தம். இதுதான் சி. ஒரே விரல். யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் வாசித்துவிடலாம்.

புத்தகத்தில் இருக்கும் ஈ, 4-4-4-2. நான்காவது ஃப்ரெட் என்ற அந்தக் குறுகிய இடத்தில் மூன்று விரல்கள் நெருக்கி நிற்க வேண்டும். ஆட்காட்டி விரல் மட்டும் இரண்டாவது ஃப்ரெட்டில். திருவிழா நாளில் காஞ்சிபுரம் டவுன் பஸ் படிக்கட்டு மாதிரிதான். ஒருவர் கால் வைத்தால் இன்னொருவர் கால் நழுவும்.

வீடியோக்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடும் சங்கதி ஒன்று உண்டு. ஈ என்பது ஒரு கை வடிவத்தின் பெயர் இல்லை. ஈ, ஜி ஷார்ப், பி என்று மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலித்தால் அதன் பெயர் ஈ. அந்த மூன்றும் கழுத்தில் எங்கெங்கே கிடைக்கின்றனவோ, அங்கெல்லாம் ஈ இருக்கிறது. ஒரே ஊருக்குப் பல பாதை.

அதில் ஒரு பாதை 1-4-0-2. ஆட்காட்டி விரல் ஜி தந்தியின் முதல் ஃப்ரெட்டில், நடுவிரல் ஏ தந்தியின் இரண்டாவதில், சுண்டுவிரல் சி தந்தியின் நான்காவதில். ஈ தந்தி திறந்தே இருக்கும். அது ஈ தந்திதானே, ஈ கார்டுக்கு அது சும்மா இருந்தாலே வேலை செய்கிறது! நெரிசல் போய்விட்டது, பதிலுக்கு விரல்களை அகட்ட வேண்டும். சிறிய சோப்ரானோ உகுலேலேயில் முதல் ஃப்ரெட்டுக்கும் நான்காவதுக்கும் இடையே சுமார் 5 சென்டிமீட்டர்தான். பெரிய டெனரில் ஆறரை. கிதாரில் கிட்டத்தட்ட 10. பள்ளிக்கூடப் பிள்ளையின் கைக்கு 5 சென்டிமீட்டர் எட்டிவிடும்.

அதுவும் முடியவில்லையா? 4-4-0-2 இருக்கிறது. இதில் ஜி ஷார்ப் கிடையாது. ஈ இரண்டு, பி இரண்டு, அவ்வளவுதான். ஈயை ஸ என்று வைத்தால் ஸவும் பவும் மட்டும். மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. மேற்கத்திய வாத்தியார் இதை அரைகுறைக் கார்ட் என்பார். நம் காதுக்கு அப்படியா படுகிறது? ஸவையும் பவையும் மட்டும் விடாமல் மீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாத்தியத்தை வைத்துத்தானே இங்கே கச்சேரியே நடக்கிறது. அதற்குத் தம்புரா என்று பெயர்.

தம்புராவிலும் நான்கு தந்திதான். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். நடுவில் உள்ள சாரணி இரண்டும் ஒரே உயரத்தில் ஒலிக்கும். தந்திகள் வளைந்த குதிரையின் மேல் ஜீவா நூலோடு உரசுவதால்தான் தம்புராவுக்கு அந்த ரீங்காரம். 4-4-0-2 வாசிக்கும்போதும் நடு இரண்டு தந்திகளும் ஒரே உயர ஈயைத்தான் தருகின்றன. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. கிதாரில் தந்திகள் தாழ்ந்த ஒலியில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். உகுலேலேயிலும் தம்புராவிலும் அப்படி ஏறுவதில்லை. தம்புராவில் எல்லாவற்றிலும் தாழ்ந்தது கடைசித் தந்தி. உகுலேலேயில் அது இரண்டாவது தந்தி.

கரும்புக்காட்டுக் கப்பல்

இது எங்கிருந்து வந்தது என்று ஆயா கேட்டால் சொல்ல ஒரு நல்ல கதை இருக்கிறது. 1879 ஆகஸ்ட் 23 அன்று ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு துறைமுகத்துக்கு வந்தது. போர்ச்சுக்கலின் மடெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய வந்த 400-க்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் மூன்று தச்சர்கள்: மனுவேல் நுனெஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோஸே டு எஸ்பிரித்து சாந்து. தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் இவர்கள் தங்கள் ஊர்ச் சின்ன கிதாரை ஹவாய் மரத்தில் செய்யத் தொடங்கினார்கள். அதுதான் உகுலேலே ஆனது. ஹவாய் மொழியில் உகு என்றால் தெள்ளுப்பூச்சி, லேலே என்றால் துள்ளுவது. வாசிப்பவரின் விரல் துள்ளுவதைப் பார்த்து வைத்த பேர் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

அதே 1879-இல், மூன்று மாதம் முன்னதாக மே 14 அன்று, கல்கத்தாவிலிருந்து லியோனிடாஸ் என்ற கப்பல் பிஜித் தீவுக்கு வந்து சேர்ந்தது. முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகள் அதில் போனார்கள். அங்கேயும் கரும்புதான். பின்னாளில், 1903 முதல், சென்னைத் துறைமுகத்திலிருந்தும் தமிழர்கள் பிஜிக்குக் கப்பல் ஏறினார்கள். பசிபிக் கடலின் கரும்புக்காடுகளுக்கு எத்தனை ஊர்த் தாலாட்டுகள் போயிருக்கும்!

இந்தியாவுக்கும் ஹவாய் இசை வந்தது. தாவ் மோ என்ற கலைஞரும் அவர் குடும்பமும் 1940-களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார்கள். ஆனால் இங்கே நிலைத்தது உகுலேலே இல்லை, தந்தியின் மேல் கட்டையை இழைத்து வாசிக்கும் ஹவாய் கிதார்தான். அதன் வழியில் வந்த மோகன வீணைக்காரர் விஸ்வ மோகன் பட் 1994-இல் கிராமி விருது வாங்கினார். காரணம் புரியாததல்ல. இழைத்து வாசித்தால் கமகம் வரும். நம்மிடம் கோட்டுவாத்தியம் ஏற்கனவே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. உகுலேலேயிலோ ஃப்ரெட் குறுக்கே நிற்கிறது. திறந்த தந்தியைப் பிடித்துக் கமகம் அசைக்க வழியே இல்லை. ஆகவே இதை வைத்துக்கொண்டு ஆலாபனை செய்யக் கிளம்ப வேண்டாம். பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள இது நல்ல துணை.

5, 1, 3, 6

ஜி, சி, ஈ, ஏ என்று சொன்னால் ஆயாவுக்கு ஒன்றும் புரியாது. பஜனை மடத்து ஹார்மோனியக்காரருக்கு 5 கட்டை, 1 கட்டை, 3 கட்டை, 6 கட்டை என்று சொன்னால் உடனே புரியும். ஒரு கட்டையை, அதாவது சியை ஸ என்று வைத்துக்கொண்டால் இந்த நான்கு தந்திகளும் ப, ஸ, க, த. ரி ஒன்று சேர்த்தால் மோகனம்! எதையும் அழுத்தாமல் நான்கு தந்தியையும் மீட்டினாலே முக்கால் மோகனம் கேட்கிறது. இந்த வாத்தியத்தை யார் எப்படித் தப்பாக வாசித்தாலும் ஓரளவு இனிமையாகவே இருப்பதன் ரகசியம் இதுதான் போலிருக்கிறது.

ஸ்வரக் கணக்கில் பார்த்தால் கார்டுகளும் வேறு மாதிரி தெரியும். சி என்பது ஸ-க-ப. ஏ மைனர் என்பது த-ஸ-க. எஃப் என்பது ம-த-ஸ. மூன்றிலும் ஸ இருக்கிறது, கவனித்தீர்களா? அப்படியானால் ஸ வாசிக்கும் விரலை ஏன் எடுக்க வேண்டும்?

புத்தகம் சொல்வது சிக்கு 0-0-0-3, ஏ மைனருக்கு 2-0-0-0, எஃபுக்கு 2-0-1-0. ஒவ்வொரு முறையும் கடைசித் தந்தி விரலைத் தூக்கி, மறுபடி தேடி வைக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் தாளம் தடுமாறும். இதற்குப் பதிலாகச் சுண்டுவிரலை ஏ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வைத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். சி 0-0-0-3. நடுவிரலை ஜி தந்தியின் இரண்டாவதில் சேர்த்தால் 2-0-0-3, ஏ மைனர். ஆட்காட்டி விரலை ஈ தந்தியின் முதலாவதில் சேர்த்தால் 2-0-1-3, எஃப். சுண்டுவிரல் நகரவே இல்லை. மேல் ஸ்தாயி ஸ விடாமல் ஒலித்துக்கொண்டிருக்க, கீழே மட்டும் நிறம் மாறுகிறது.

ஜியில் ஸ கிடையாது, அது ப-நி-ரி. அங்கே மட்டும் சுண்டுவிரல் பிரிய வேண்டும். அதையும் அழகாகச் செய்யலாம். முதலில் 0-2-3-3, ஸவை இன்னும் ஒரு தாளம் பிடித்துக்கொண்டு. பிறகு 0-2-3-2. ஸ இறங்கி நியில் உட்கார்கிறது. கேட்கிறவர் ஒரு நொடி மூச்சைப் பிடித்து விடுவார். சினிமாப் பாட்டில் இந்த இறக்கத்தை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள், பெயர் தெரியாமல்.

ஒரே ஒரு எச்சரிக்கை. திறந்த தந்தி உள்ள வடிவங்களில் விரல் நன்றாக வளைந்து நுனியில் நிற்க வேண்டும். படுத்தால் பக்கத்துத் தந்தியைத் தொட்டு அதன் வாயை அடைத்துவிடும். நகத்தை வெட்டுங்கள். கார்டைப் பிடித்துவிட்டு மொத்தமாக மீட்டாமல் நான்கு தந்தியையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்; எது ஊமையாக இருக்கிறதோ அங்கே குற்றவாளி விரல் எது என்று தெரிந்துவிடும். புதுத் தந்தி சில நாளைக்குச் சுருதியில் நிற்காது, இழுபட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு உங்கள் காதைத் திட்ட வேண்டாம்.

ஆயாவின் கட்டை

திண்ணைக்குத் திரும்புவோம். பேத்தி இந்தச் சுண்டுவிரல் வித்தையைப் பழகிவிட்டாள். ஆயாவைப் பாடச் சொல்லிக் கூடவே மீட்டுகிறாள். ஒன்றும் ஒட்டவில்லை. ஆயா ஒரு பக்கம், உகுலேலே ஒரு பக்கம்.

ஆயாவின் குரல் நிற்பது 5 கட்டையில். பெண் குரல்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும். பேத்தி வாசிப்பதோ 1 கட்டை. எழுபது வயதுக் குரலை 1 கட்டைக்கு இழுக்கக் கூடாது. வாத்தியம்தான் நகர வேண்டும். பக்கவாத்தியத்தின் முதல் மரியாதை அது.

சரி, ஜியை ஸ என்று வைத்துக்கொள்கிறாள். முதல் கார்ட் ஜி, 0-2-3-2. ஒட்டுகிறது. பாட்டு கொஞ்சம் தழையும் இடத்தில் ஈ மைனர், 0-4-3-2. இது த-ஸ-க. ஜியிலிருந்து ஈ மைனருக்குப் போக சி தந்தியில் மட்டும் இரண்டிலிருந்து நான்குக்கு ஏறினால் போதும். மற்றதெல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஈ வரவில்லை என்று அழுதவளுக்கு ஈ மைனர் தானாக வந்துவிட்டது. அதைவிட முக்கியம், மேலே இருக்கும் ஜி தந்தி இரண்டிலும் திறந்தே இருக்கிறது. அதுதான் ஆயாவின் ஸ. தம்புரா மாதிரி விடாமல் ஒலிக்கிறது.

மூன்றாவது கார்டில் மறுபடி இடிக்கிறது. வீடியோ அக்கா சொன்னபடி ஜிக்கு அடுத்து டி, 2-2-2-0. அதை மீட்டியதும் ஆயா பாட்டை நிறுத்திவிடுகிறார்.

“வேற பாட்டு மாதிரி இருக்குது கண்ணு.”

ஆயாவுக்கு ராகத்தின் பெயர் தெரியாது, காது தெரியும். இந்த வீட்டுத் தாலாட்டு மோகனத்தின் வழியில் போவது. அதில் நி கிடையாது. டி கார்டில் இருப்பது ப-நி-ரி. அந்த நி, அழைக்காத விருந்தாளியாக நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. கார்ட் வைத்தாலே ராகம் கெட்டுவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 1988-இல் வந்த அக்னி நட்சத்திரம் படத்தின் ‘நின்னுக்கோரி வர்ணம்’ மோகனம்தான். இளையராஜா அதில் எத்தனை வாத்தியங்களைச் சேர்த்திருக்கிறார்! தெரிந்து சேர்ப்பது வேறு, வீடியோ சொன்னது என்பதற்காகச் சேர்ப்பது வேறு.

இந்த நியை எப்படி வெளியே அனுப்புவது? 2-2-2-0 என்பதில் ஈ தந்தியின் மேல் இருக்கும் விரல்தான் நி. அந்த ஒரு விரலை எடுத்துவிட்டால் 2-2-0-0. இப்போது கேட்பது ப, த, ரி. மூன்றும் மோகனத்தின் சொந்தப் பிள்ளைகள். இரண்டு தந்தி திறந்திருக்கிறது, இரண்டு விரல்தான் வேலை. மேற்கத்தியப் பாடத்தில் இதன் பெயர் டி சஸ் டூ. அலங்காரத்துக்கு ஒரு நொடி தொட்டுவிட்டு டிக்கே திரும்பிவிடச் சொல்வார்கள். இங்கே திரும்ப வேண்டியதில்லை. பாட்டுக்கு இதுதான் வீடு.

இப்படி எல்லாக் கார்டுக்கும் ஒரு திறந்த வழி கிடைத்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. நான்கு தந்தியின் ஸ்வரங்களில் ஒன்றாவது கார்டில் இருந்தால்தான் அது நடக்கும். பி ஃப்ளாட்டில் ஒன்றுகூட இல்லை. 3-2-1-1 என்று ஆட்காட்டி விரலைப் படுக்க வைத்துத்தான் ஆக வேண்டும். 3-2-1-0 என்று கடைசித் தந்தியைத் திறந்துவிட்டால் கைக்குச் சுகம், ஆனால் அது பி ஃப்ளாட் மேஜர் செவன், வேறு சுவை. சில பாட்டுக்கு நன்றாக இருக்கும், சிலவற்றில் பாயசத்தில் பெருங்காயம். பி மைனரும் அப்படித்தான், திறந்த தந்திக்கு இடமில்லை. அவற்றுக்குக் குறுக்கு வழி தேடி நாளைக் கழிப்பதைவிட, தினம் ஐந்து நிமிடம் விரலைப் படுக்க வைத்துப் பழகுவதே மேல். அதேபோல ஜி தந்தியைத் தாழ்ந்த ஜியாக மாற்றிக் கட்டியவர்களுக்கு இந்த வடிவங்கள் எல்லாம் செல்லும், ஆனால் இரட்டைத் தந்தி ஒலி சில இடங்களில் போய்விடும்.

திண்ணையில் வெயில் சாய்ந்துவிட்டது. முறம் ஓரமாக இருக்கிறது. ஜி, ஈ மைனர், அந்த இரண்டு விரல் டி. மூன்றே கார்ட். ஆயா முழுப் பாட்டையும் நிறுத்தாமல் பாடி முடிக்கிறார். அம்மாவுக்குத் தெரியாத பின்பாதியையும் சேர்த்து. பேத்தியின் போன் பக்கத்தில் ரெக்கார்டிங்கில் ஓடிக்கொண்டிருந்தது ஆயாவுக்குத் தெரியாது.

“நல்லா இருந்துதா ஆயா?”

“இருந்துது. ஆனா கொழந்த தூங்கணும்டி. நீ அடிக்கிற அடிக்கு எழுந்து உக்காந்துக்கும். மெதுவா தட்டு, இன்னொரு வாட்டி பாடறேன்.”